ஆண் வண்டுக்கு மட்டும் ஏன் கொம்பு?



கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தொழிற்சாலை வாசல் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். விடியற்காலையில், அம்மா கொழுந்து வெட்டக் கிளம்புவதற்கு முன்பே, நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பிஸ்கட் டின்னோடு அங்கே போய் நிற்போம். விளக்குக் கம்பத்தின் அடியில் கறுத்துப் பளபளக்கும் கொம்பு வண்டுகள் மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பொறுக்கி டின்னில் போடுவோம்.

சாலையோரக் கடைக்காரர் ஒருவர் அவற்றை வாங்கிக்கொள்வார். ஊசி குத்திக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துச் சுற்றுப்பயணிகளுக்கு விற்பார். நீளமான கொம்புள்ள வண்டுக்கு இரண்டு வெள்ளி. கொம்பு சிறியது என்றால் ஐம்பது காசு. கொம்பே இல்லாததை அவர் கையால்கூடத் தொடமாட்டார். "இது பொட்ட வண்டுடா தம்பி, யாரும் வாங்கமாட்டாங்க" என்று திருப்பித் தந்துவிடுவார்.

கொம்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்மையில் படிவம் 5 மாணவி ஒருத்தி அந்தக் கேள்வியை வகுப்பிலேயே கேட்டுவிட்டாள். "சார், ஆணும் பெண்ணும் ஒரே காட்டுலதான் இருக்கு, கிட்டத்தட்ட ஒரே சாப்பாடுதான் சாப்பிடுது. அப்புறம் ஏன் சார் ஆணுக்கு மட்டும் கொம்பு?"

நல்ல கேள்வி. கொம்பு பகைவரிடமிருந்து தப்பிக்க உதவும் என்றால் பெண்ணுக்கும் இருக்க வேண்டும். உணவு தேட உதவும் என்றாலும் அப்படியே. உயிர் பிழைக்கக் கொம்பு தேவையில்லை என்பதற்குப் பெண் வண்டே சாட்சி. அப்படியானால் அது எதற்கு?

இரண்டு அறிஞர்கள், ஒரு கருத்து வேறுபாடு

இதே கேள்வி சார்ல்ஸ் டார்வினையும் வாட்டியது. பிழைத்திருக்க உதவும் பண்புகள் தலைமுறை தலைமுறையாக நிலைக்கின்றன என்பது அவருடைய இயற்கைத் தேர்வுக் கோட்பாடு. அந்தக் கோட்பாட்டுக்குள் வண்டின் கொம்பும் மயிலின் தோகையும் எளிதில் அடங்கவில்லை. 1871-இல் வெளிவந்த நூலில் அவர் ஒரு விடை தந்தார். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது. இணை கிடைத்தால்தான் பண்பு அடுத்த தலைமுறைக்குப் போகும். இணைக்காக நடக்கும் இந்தத் தேர்வைப் பாலினத் தேர்வு என்கிறோம். இது இரண்டு வழிகளில் நடக்கிறது என்றார் டார்வின். ஒன்று, ஆண்கள் தங்களுக்குள் போட்டியிடுவது. மற்றொன்று, பெண் தனக்குப் பிடித்த ஆணைத் தேர்ந்தெடுப்பது.

முதல் வழியை அக்கால அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது வழியை ஏற்காதவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். இவரை நாம் அறிந்துகொள்வது நல்லது. இயற்கைத் தேர்வைத் தாமாகவே கண்டறிந்து, 1858-இல் டார்வினோடு சேர்ந்து உலகுக்கு அறிவித்தவர் அவர். 1854 முதல் 1862 வரை நம் மலாய்த் தீவுக்கூட்டப் பகுதியில் அலைந்து பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிக்கு 1855-இல் பெயர் சூட்டியவரும் அவரே. ஆரு தீவில், மரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டுக்காக இரண்டு ஆண் வண்டுகள் நீண்ட மூக்கால் மோதிக்கொண்டதைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். ஆண்கள் சண்டையிடுவதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால், அற்பமான ஒரு பூச்சி அழகு பார்த்துத் துணையைத் தேர்ந்தெடுக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

யார் சொன்னது சரி? இதற்கு மிகத் தெளிவான விடைகளில் ஒன்று நம் தித்திவாங்சா மலைத்தொடரின் ஓர் ஓடைக்கரையிலிருந்து வந்தது. அங்கே போவதற்கு முன், ஓர் அடிப்படைச் செய்தியைப் பார்த்துவிடுவோம்.

முட்டையின் விலை

பெரும்பாலான பூச்சி இனங்களில் ஆண் போட்டியிடுகிறது, பெண் தேர்ந்தெடுக்கிறது. ஏன் இந்த ஏற்பாடு?

முட்டை பெரியது; கருவுக்கு வேண்டிய உணவு அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ஆகவே ஒரு பெண் உண்டாக்கும் முட்டைகளுக்கு ஓர் எல்லை உண்டு. விந்தணுவோ மிகச் சிறியது. ஆண் அதைக் கோடிக்கணக்கில் உண்டாக்கலாம். பத்துப் பெண்களோடு இணையும் ஆணுக்குப் பத்து மடங்கு பிள்ளைகள் கிடைக்கலாம். பத்து ஆண்களோடு இணைந்தாலும் பெண்ணின் முட்டைகள் பத்து மடங்காகிவிடாது. ஆகவே ஆணுக்கு எத்தனை துணை என்பது முக்கியம். பெண்ணுக்கு எப்படிப்பட்ட துணை என்பது முக்கியம். பிள்ளைக்காக அதிகம் செலவிடும் தரப்பு பார்த்துத் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவிடும் தரப்பு போட்டியிடும் என்று 1972-இல் ராபர்ட் ட்ரிவர்ஸ் என்ற அறிஞர் இதை விளக்கினார்.

ஒரு விதி உண்மையா என்று பார்க்க, அதைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். ஆண் அதிகம் செலவிட்டால் என்ன ஆகும்? வட அமெரிக்காவில் மார்மன் வெட்டுக்கிளி என்று ஒன்று இருக்கிறது. அதன் ஆண், இணையும்போது விந்தணுவோடு பெரிய ஓர் உணவுப் பொட்டலத்தையும் பெண்ணுக்குத் தருகிறது. அந்தப் பொட்டலம் ஆணின் உடல் எடையில் கால் பங்குக்கும் மேல். கூட்டமாக இடம்பெயரும் இந்த வெட்டுக்கிளிகளை டாரில் க்வின் என்ற ஆய்வாளர் கவனித்து, 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். அங்கே பெண்களே ஆணுக்காக முட்டி மோதின. ஆண்கள் எடை குறைந்த பெண்களை ஒதுக்கிவிட்டு எடை மிகுந்த பெண்களோடு இணைந்தன. செலவு இடம் மாறியதும் வேடமும் மாறிவிட்டது.

ஆண் என்றால் சண்டை, பெண் என்றால் பொறுமை என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. யார் எவ்வளவு செலவிடுகிறார் என்பதே கணக்கு.

கொம்பு எங்கிருந்து வருகிறது?

இப்போது நம் வண்டுக்கு வருவோம். கேமரன் மலையில் காணப்படும் பெரிய மூன்று கொம்பு வண்டின் அறிவியல் பெயர் சால்கோசோமா கைரான். பெரிய ஆண், கொம்பையும் சேர்த்து 12 சென்டிமீட்டர்வரை வளரும். தலையிலிருந்து ஒரு கொம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். மார்பிலிருந்து இரண்டு கொம்புகள் முன்நோக்கி நீண்டிருக்கும். இரண்டு ஆண்கள் சந்தித்தால் ஒன்று மற்றொன்றின் அடியில் தலைக்கொம்பைச் செலுத்தி, கடப்பாறையால் கல்லை நெம்புவதுபோல் நெம்பும். பிடி தளர்ந்த வண்டு மரத்திலிருந்து கீழே விழும். நின்ற வண்டுக்கு இடமும் கிடைக்கும், அங்கு வரும் பெண்ணும் கிடைக்கும்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். வண்டு முழு வளர்ச்சி அடைந்த பிறகு அதன் கொம்பு வளர்வதே இல்லை. மட்கிய மரத்திலும் இலைமக்கிலும் ஓராண்டுக்கு மேல் புழுவாக இருந்து தின்ற உணவே கொம்பின் மூலதனம். கூட்டுப்புழுவாக மாறும் சில நாள்களில் கொம்பு உருவாகி முடிந்துவிடும். புழு நன்றாகத் தின்றிருந்தால் பெரிய வண்டு, நீண்ட கொம்பு. உணவு குறைந்திருந்தால் சிறிய வண்டு, குட்டைக் கொம்பு.

ஜப்பானியக் காண்டாமிருக வண்டைக் கொண்டு டக்ளஸ் எம்லன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதன் உள்ளே இருக்கும் இயக்கத்தைக் காட்டியது. இன்சுலின் என்றதும் உங்களுக்கு நீரிழிவு நோய் நினைவுக்கு வரும். பூச்சிகளின் உடலிலும் இன்சுலினைப் போன்ற ஹார்மோன்கள் உண்டு. உடலில் எவ்வளவு ஊட்டம் இருக்கிறது என்ற செய்தியை அவை உறுப்புகளுக்குச் சொல்கின்றன. வளரும் வண்டில் அந்தச் செய்தியை ஆய்வாளர்கள் குறைத்துப் பார்த்தார்கள். இறக்கை கொஞ்சம் சிறுத்தது. இனப்பெருக்க உறுப்பு ஏறக்குறைய மாறவே இல்லை. கொம்போ மிக அதிகமாகச் சிறுத்துவிட்டது. மற்ற உறுப்புகளைவிடக் கொம்புதான் ஊட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் கொம்பு பொய் சொல்வது கடினம். பசியோடு வளர்ந்த வண்டு நீண்ட கொம்பை வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது.

படிவம் 5 மாணவர்களே, உங்கள் உயிரியல் பாடத்தில் 'வாரியாசி', அதாவது மாறுபாடு, என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரின் உயரம் தொடர்ச்சியான மாறுபாடு என்றும் இரத்த வகை தொடர்ச்சியற்ற மாறுபாடு என்றும் படித்திருப்பீர்கள். கொம்பு வண்டை எதில் சேர்ப்பீர்கள்? உடல் நீளம் சிறிதிலிருந்து பெரிதுவரை தொடர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் பல ஆண்களை அளந்து, உடல் நீளத்தைக் கிடை அச்சிலும் கொம்பு நீளத்தைக் குத்து அச்சிலும் குறித்தால் நேர்க்கோடு வராது. ஓர் அளவுவரை குட்டைக் கொம்பு. அந்த அளவைத் தாண்டியதும் கொம்பு சட்டென்று நீள்கிறது. நடுத்தரக் கொம்புள்ளவை குறைவு. பார்வைக்கு இரண்டு வகை ஆண்கள்போலத் தெரியும். ஆனால் அந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் புழுப்பருவத்து உணவு.

"அப்ப சின்ன வண்டு தோத்துருமா சார்?"

இந்தப் பாடத்தை நடத்தியபோது வகுப்பில் மிகக் குட்டையான பையன் இப்படிக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதனால் நான் அந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துக்கொண்டு விடை சொன்னேன்.

பனாமா நாட்டில் ஒரு சிறிய சாணி வண்டு இருக்கிறது. பெண், சாணிக்கு அடியில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். கொம்புள்ள பெரிய ஆண் சுரங்க வாசலில் காவல் நின்று, வரும் ஆண்களையெல்லாம் முட்டி விரட்டும். கொம்பில்லாத சிறிய ஆண் அதனோடு மோதினால் தோல்வி உறுதி. ஆகவே அது மோதுவதில்லை. பக்கத்திலேயே வேறொரு குறுக்குச் சுரங்கம் தோண்டி, காவலாளிக்குத் தெரியாமல் பெண் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. குறுகிய சுரங்கத்தில் வேகமாக ஓட அதற்குக் கொம்பில்லாததே வசதி. முன்பு சொன்ன எம்லன்தான் 1990-களில் இதைக் கண்டறிந்தார்.

நம் சால்கோசோமா இனங்களிலும் சிறிய ஆண்களுக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் இறக்கை சற்று நீளம். கொம்புக்குப் போகாத ஊட்டம் வேறோர் உறுப்புக்குப் போயிருக்கிறது. பறந்து திரிந்து, பெரிய ஆண் இல்லாத இடத்தைத் தேட அது உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கொம்பு பெரிதானால் செலவும் பெரிது. ஒரே வழியில் எல்லாரும் போட்டியிட்டால் தோற்பவர் பலராவர். அந்தப் பலரில் வேறு வழி கண்டவர்களின் பண்பும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. குட்டைக் கொம்பு வண்டுகள் இத்தனை காலமும் நம் காட்டில் இருப்பதே அதற்குச் சான்று. இதைச் சொன்னதும் அந்தப் பையன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

கோம்பாக் ஓடைக்கரைத் தீர்ப்பு

டார்வினுக்கும் வாலஸுக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீரவில்லை. பெண் பூச்சி உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறதா?

கேமரன் மலை அமைந்திருக்கும் அதே தித்திவாங்சா மலைத்தொடரின் தெற்கே, சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது கோம்பாக் பள்ளத்தாக்கு. அங்குள்ள காட்டு ஓடைகளின் கரையில் மண் அரித்துப்போன இடங்களில் மெல்லிய வேர்கள் நூல்போலத் தொங்கும். அந்தி சாயும் நேரத்தில் அவற்றில் தண்டுக்கண் ஈக்கள் வந்து அமரும். டெலியோப்சிஸ் டால்மன்னி என்பது அவற்றின் அறிவியல் பெயர். உடல் ஒரு நெல்மணி அளவுதான். தலையின் இருபுறமும் நீண்ட தண்டு. தண்டின் நுனியில் கண். பெரிய ஆணுக்கு ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை உள்ள அகலம் உடல் நீளத்தைவிட அதிகம்! பெண்ணுக்கும் தண்டு உண்டு, ஆனால் குட்டை.

ஒரு வேருக்கு ஓர் ஆண் உரிமை கொண்டாடும். வேறோர் ஆண் வந்தால் இரண்டும் முகத்துக்கு முகம் நின்று கண் அகலத்தை ஒப்பிடும். குறைந்த அகலம் உடையது பெரும்பாலும் சண்டையின்றியே பின்வாங்கிவிடும். பெண்கள் வந்து ஏதாவது ஒரு வேரில் இரவு தங்கும். அகலமான கண்ணுடைய ஆணின் வேரில் அதிகமான பெண்கள் தங்குவதை 1980-களில் புர்கார்ட், டி லா மோட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அடுத்த படியை ஜெரால்டு வில்கின்சன், பால் ரெயில்லோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஆய்வகத்தில் இந்த ஈக்களை 13 தலைமுறைகள் வளர்த்தார்கள். ஒரு பிரிவில், ஒவ்வொரு தலைமுறையிலும் கண் அகலம் கூடிய ஆண்களை மட்டும் தந்தையாக்கினார்கள். மற்றொரு பிரிவில், கண் அகலம் குறைந்த ஆண்களை மட்டும். பெண்களைப் பிரித்தெடுக்கவே இல்லை. கடைசியில் பெண்களுக்கு இரண்டு வகை ஆண்களையும் காட்டிச் சோதித்தார்கள். முதல் பிரிவுப் பெண்கள் அகலமான கண்ணுள்ள ஆண்களை நாடின. இரண்டாம் பிரிவுப் பெண்கள் குறுகலான கண்ணுள்ள ஆண்களை நாடின!

1994-இல் வெளியான இந்த முடிவின் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். ஆணின் உருவத்தை மாற்றினார்கள். பெண்ணின் விருப்பமும் கூடவே மாறிவிட்டது. ஏன்? ஒரு பிள்ளை தந்தையிடமிருந்து கண் அகலத்துக்கான மரபணுக்களைப் பெறுகிறது; அந்தத் தந்தையை நாடிய தாயிடமிருந்து அந்த விருப்பத்துக்கான மரபணுக்களையும் பெறுகிறது. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து பயணம் செய்கின்றன. ஆகவே பெண்ணின் விருப்பம் உண்மையானது; அது மரபுவழி வருவது; ஆணின் உருவத்தோடு கைகோத்து வளர்வது. டார்வினின் இரண்டாவது வழிக்கு இதைவிடத் தெளிவான ஆதரவு கிடைப்பது அரிது.

வாலஸ் முற்றிலும் தோற்றுவிட்டாரா? இல்லை. அலங்காரம் என்பது உடல் வலிமையின் விளைவு என்பது அவருடைய எண்ணம். லண்டன் ஆய்வாளர்கள் 2000-இல் இதே ஈயைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு அவருக்கும் பங்கு தருகிறது. புழுக்களுக்கு உணவைக் குறைத்தபோது ஆணின் கண் அகலம் மற்றப் பண்புகளைவிட அதிகமாகக் குறைந்தது. ஆனால் சில குடும்பங்களைச் சேர்ந்த ஆண்கள் குறைந்த உணவிலும் அகலமான கண்ணோடு வளர்ந்தன. அகலமான கண்ணைத் தேர்ந்தெடுக்கும் பெண், தெரிந்தோ தெரியாமலோ, கடினமான காலத்தையும் தாங்கும் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

உப்பே சீதனம்

சண்டையும் அலங்காரமும் தவிர மூன்றாவது ஒரு வழியும் உண்டு: பரிசு. ஆற்றோர மணலிலும் வெந்நீர் ஊற்று அருகிலும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து ஈரத்தை உறிஞ்சுவதைப் பேராக் மாநிலத்தின் உலு கெரோ போன்ற இடங்களில் காணலாம். கறுப்பு இறக்கையில் மின்னும் பச்சை முக்கோணங்களும் கழுத்தில் சிவப்புப் பட்டையும் கொண்ட அந்தக் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் ஆண்கள். அவை தேடுவது தண்ணீரை மட்டுமல்ல. அதில் கரைந்துள்ள உப்பையும்தான். இலை தின்று வளரும் பூச்சிகளுக்குச் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. ஆண் சேர்க்கும் சோடியம் எங்கே போகிறது? அமெரிக்க அந்துப்பூச்சி ஒன்றில் ஸ்மெட்லி, ஐஸ்னர் என்ற ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து சென்று 1996-இல் விடை கண்டார்கள். இணையும்போது ஆண் சோடியத்தைப் பெண்ணுக்குத் தருகிறது. பெண் அதை முட்டைகளுக்குள் வைக்கிறது. அப்பா சேர்த்த உப்பு, பிள்ளைக்குச் சொத்து.

மணத்தைப் பின்தொடரும் ஓட்டம்

இனி இரவுக்கு வருவோம். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலும் பெண் ஓரிடத்தில் அமர்ந்து மணத்தைக் காற்றில் விடுகிறது. ஆண் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு பறந்து வருகிறது. யார் முதலில் வந்து சேர்கிறார்கள் என்பதே போட்டி. கேமரன் மலை விளக்குகளுக்கு வரும் நிலா அந்துப்பூச்சி, அட்லஸ் அந்துப்பூச்சி ஆகியவற்றின் ஆண்களைப் பாருங்கள். உணர்கொம்புகள் பறவை இறகைப்போல அகன்றிருக்கும். காற்றிலுள்ள மண மூலக்கூறுகளை வடிகட்டிப் பிடிக்கும் சல்லடை அது.

இந்த மணப்பொருளுக்குப் பெரோமோன் என்று பெயர். பூச்சியின் பெரோமோன் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்து இன்னதென்று அடையாளம் கண்டவர்கள் 1959-இல் அடால்ஃப் பூட்டெனான்ட் குழுவினர். அதற்காக ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன.

இதற்கும் தேயிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் இலைகளைச் சுருட்டித் தின்னும் புழு ஒரு பெரிய தொல்லை. அதன் தாய்ப்பூச்சி நான்கு மணப்பொருள்களின் கலவையை வெளியிடுகிறது. அந்த நான்கில் ஒன்றைச் செயற்கையாகச் செய்து, 1983 முதல் தோட்டமெங்கும் தொங்கவிட்டார்கள். எங்கும் அந்த மணமே நிறைந்திருந்ததால் ஆண்களால் பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இணை இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை. பூச்சிமருந்தும் குறைந்தது.

ஆனால் 1990-களில் ஷிசுவோக்கா தேயிலைப் பகுதியில் ஓரிடத்தில் இந்த முறை வேலை செய்யாமல் போனது. என்ன நடந்தது? குழம்பிப்போன ஆண்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு மணப்பொருளை நம்பாமலும் பெண்ணைத் தேடிப் போகக்கூடிய சில ஆண்களுக்கு மட்டுமே பிள்ளைகள் பிறந்தன. தலைமுறைகள் கடந்தபோது தோட்டம் முழுவதும் அப்படிப்பட்ட ஆண்களே. பெரோமோனுக்கு எதிராக எதிர்ப்புத்திறன் உருவான முதல் நிகழ்வாக இது 2002-இல் பதிவானது. பிறகு, பெண் விடும் இயற்கைக் கலவையை ஒத்த பல பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பூச்சிகளின் இணைத்தேடலில் நாம் கை வைத்தால், அந்தத் தேடலும் மாறும்.

விளக்குக் கம்பத்தின் அடியில்

மறுபடியும் அந்தத் தொழிற்சாலை விளக்குக்கு வருகிறேன். அட்லஸ் அந்துப்பூச்சிக்கு உணவு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு வாரம் வாழும். அந்த ஒரு வாரத்துக்குள் இணையைத் தேடி முடிக்க வேண்டும். ஓர் இரவை அது விளக்கைச் சுற்றியே கழித்தால், வாழ்நாளின் பெரிய பங்கு போயிற்று. கொம்பு வண்டுக்கும் அப்படித்தான். ஓராண்டுக்கு மேல் மரத்துக்குள் உழைத்துச் சேர்த்த கொம்பு, ஒரு முறைகூடப் பயன்படாமல் கம்பத்தின் அடியில் மல்லாந்து கிடக்கும்.

அப்படிக் கிடந்தவற்றைத்தான் நான் இரண்டு வெள்ளிக்கு விற்றேன். நீளமான கொம்பாகப் பார்த்துப் பொறுக்கினேன். நன்றாகத் தின்று, நன்றாக வளர்ந்து, போட்டியில் வெல்லக்கூடியவையாகப் பார்த்துக் காட்டிலிருந்து எடுத்தேன் என்பது ஆசிரியரான பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலை நடைக்குப் போகும்போது மல்லாந்த வண்டைக் கண்டால் ஒரு குச்சியை நீட்டுவேன். அது பிடித்துக்கொள்ளும். காட்டோர மரத்தின் நிழலில் விட்டுவிட்டு நடப்பேன். நீங்களும் செய்யலாம். தேவையில்லாத வாசல் விளக்கை இரவில் அணைத்துவிடலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்த பூச்சிகளை வாங்காமல் இருக்கலாம். ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியின் அனைத்துலக வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. அந்திவேளையில் உரக்கக் கத்தும் சில்வண்டின் குரலைக் கேட்டிருப்பீர்கள். மலாயில் அதை 'ரியாங்-ரியாங்' என்பார்கள். கத்துவது ஆண், பெண்ணை அழைக்கிறது. தொடர்ந்து ஏழு நாள்கள், முதல் குரல் எத்தனை மணிக்குக் கேட்டது என்று எழுதுங்கள். மழை, மூடுபனி, தெளிந்த வானம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் எதைப் பொறுத்து மாறுகிறது?

2. வாசல் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளைத் தொடாமல் கைப்பேசியில் படம் எடுங்கள். உணர்கொம்பு இறகுபோல இருப்பவை எத்தனை, நூல்போல இருப்பவை எத்தனை என்று அட்டவணைப்படுத்துங்கள். படம் எடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கொம்பு வண்டின் கொம்பு நீளத்தை 'நேர்மையான அடையாளம்' என்று ஏன் சொல்லலாம்?

2. தண்டுக்கண் ஈ ஆய்வில் பெண்களைப் பிரித்தெடுக்காதபோதும் அவற்றின் விருப்பம் மாறியது ஏன்?

3. மார்மன் வெட்டுக்கிளியில் பெண்கள் போட்டியிடக் காரணம் என்ன?

4. ஒரு மலைக்காட்டில் ஆண்டுதோறும் நீண்ட கொம்புள்ள வண்டுகளை மட்டும் பிடித்துச் சென்றால், பல தலைமுறைகளுக்குப் பிறகு அங்குள்ள வண்டுகள் எப்படி இருக்கும்? புழுப்பருவத்து உணவு, மரபணு ஆகிய இரண்டையும் கருத்தில் கொண்டு விடை எழுதுங்கள்.